கழித்துப் போட்ட எண்கள்

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்ற எண் கோப்பில் இல்லை.

அறிவுச்செல்வி மூன்று தடவை தேடினாள். 1146 இருந்தது. 1148 இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஆளை மட்டும் காணோம்.

அப்படித் தேடுவதே குற்றம். சமநிலை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று பதினெட்டுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஆள் என்று தெரிந்துகொள்ள முயலக் கூடாது என்று எட்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஆனால் இந்த எண்ணை அவள் முயன்று தெரிந்துகொள்ளவில்லை. அம்மாவின் ஃபேக்டரி அடையாள அட்டையில் அது இருந்தது. அட்டை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கும். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். அதற்கு என்ன செய்ய முடியும்?

அம்மா தேசம்மாளுக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் வேலை, பேஸ்டிங் செக்‌ஷன். அடிப்பாகத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அந்தப் பசையின் நெடி தலைக்குக் குளித்தாலும் போகாது. அந்த நெடியில்தான் அறிவு எம்.எஸ்சி. வரை படித்தாள். அந்த வீட்டில் அதற்கு முன் பத்தாவது தாண்டியவர் யாரும் கிடையாது.

அம்மாவுக்கு வயது ஐம்பது. போன திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒன்பது வருஷத்துக்கு முன் மூடிப்போன பழைய யூனிட் வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்று, துருப்பிடித்த கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருக்கும் டீக்கடைக்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார்.

“வெயில்ல தல ஒரு மாதிரி ஆயிடுச்சி. அவ்ளோதான்” என்றாள் அம்மா.

நடந்தது மார்கழி மாசம்.

அதனால்தான் அறிவு அந்த எண்ணைத் தேடினாள்.

*

மூன்று வருஷத்துக்கு முன் சமநிலை ஆய்வகத்தின் டாக்டர் மைதிலி ஃபேக்டரி கேன்டீனுக்கு வந்து பேசிய அன்று அறிவும் அங்கே இருந்தாள். அம்மா மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனவள், கூட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சென்னைக்காரர், ஐம்பத்தைந்து வயசிருக்கும். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டேபிள்களுக்கு நடுவே நின்று பேசினார். அது எல்லோருக்கும் பிடித்தது.

“புற்றுநோய் வர்றவங்களுக்கு மறதி நோய், கை நடுக்கம் இதெல்லாம் கம்மியாத்தான் வருது. மறதி நோய்க்காரங்களுக்குப் புற்றுநோய் கம்மி. ரொம்ப நாளா ஏன்னு புரியல. இப்போ புரிஞ்சிருக்கு. சாக வேண்டிய செல் சாகமாட்டேன்னு அடம் பிடிச்சா அது கட்டி. சாகக் கூடாத செல் சீக்கிரம் செத்தா அது மறதி. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒரு தராசு மாதிரி. எந்தத் தட்டு தாழுதுன்னு நோய் வர்றதுக்கு முன்னாடியே எங்களால பாக்க முடியும்.”

“எப்பிடி டாக்டர், ஜோசியமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எஸ்தர். அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில் ஒட்டுகிறவள், இருபது வருஷத் தோழி.

“ஜோசியர் ஒரு கட்டத்தைத்தான் பாப்பாரு. நாங்க அஞ்சு பாக்கறோம். பிறக்கும்போதே எழுதின மரபணு ஒண்ணு. அதுல இப்போ எது முழிச்சிருக்கு, எது தூங்குதுங்கறது ரெண்டு. அதனால ரத்தத்துல என்னென்ன புரதம் ஓடுதுங்கறது மூணு. நீங்க தின்னதும் மோந்ததும் உள்ள போய் என்னவா மாறுதுங்கறது நாலு. ரத்தத்துலயே குடல் கிருமிங்களோட அடையாளம் இருக்கும், அது அஞ்சு. தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அஞ்சையும் ஒண்ணா அடுக்கிப் பாத்தாத்தான் ஆள் முழுசாத் தெரிவாங்க.”

“எம் புருசனே அவ்ளோ பாத்ததில்ல” என்றாள் எஸ்தர். கேன்டீன் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டாள். “கேன்சர் பக்கம் தாழ்ந்தா இன்னா பண்ணுவீங்க?”

“ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. அந்தத் தட்டை மேல தூக்கும்.”

“அப்ப இந்தத் தட்டு?”

டாக்டர் பொய் சொல்லவில்லை. “கொஞ்சம் இறங்கும். தாங்கற அளவுக்குத்தான்” என்றார்.

யார் தாங்குகிற அளவு என்று யாரும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அந்தத் திட்டத்துக்குச் செலவு செய்தது ஃபேக்டரி முதலாளிகளின் சங்கம். தொழிலாளிகள் மேல் அவ்வளவு அக்கறை எங்கிருந்து முளைத்தது என்பதை அறிவு பிற்பாடுதான் புரிந்துகொண்டாள். பசை நெடியில் வேலை செய்தவளுக்குக் கேன்சர் வந்தால் அது தொழில்நோய், அவள் கோர்ட்டுக்குப் போகலாம். மறதி வந்தால் வயசாகிவிட்டது, அவள் வீட்டுக்குப் போகலாம்.

*

காணாமல் போன எண் கடைசியில் கிடைத்தது. கணக்கைக் குழப்புகிற தரவு என்ற அர்த்தத்தில் ‘இரைச்சல்’ என்று பெயர் வைத்த ஒரு கோப்புறையில், இன்னும் இருநூற்றுப் பதினோரு எண்களோடு கிடந்தது. அவற்றை யார் அங்கே தள்ளியது என்ற இடத்தில் இரண்டு எழுத்து இருந்தது. அ.தே.

அறிவுச்செல்வி, தேசம்மாள் மகள்.

அவள் வேலையே அதுதான். ஒரு எண்ணின் கீழ் இருக்கும் ஐந்து அடுக்கும் ஒரே ஆளுடையதுதானா என்று சரிபார்க்கிற க்யூ.சி. வேலை. மரபணுவுக்கு எச்சில், அதைத் திட்டத்தில் சேரும் அன்றே வாசலில் போட்டோ எடுக்கும்போது துப்ப வைத்து வாங்கிவிடுவார்கள். மற்ற நாலும் வருஷாவருஷம் கேம்ப்பில் எடுக்கிற ரத்தத்திலிருந்து. ரத்தத்தில் இருக்கும் செல்லுக்குள்ளும் அதே மரபணு எழுத்துத்தானே இருக்கும்? எச்சிலும் ரத்தமும் பொருந்தாவிட்டால் எங்கோ குழாய் மாறிவிட்டது என்று அர்த்தம். மாறின எண்ணை வெளியே தூக்கிப் போட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் விதி. அதைத் தானாகச் செய்கிற நிரலை எழுதியது அறிவு. ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு எண்களைப் பிடித்துத் தூக்கியது. பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதற்கு ஃபிரேம் போட்டு டி.வி.க்கு மேல் மாட்டினாள்.

ஆனால் ஊசிப் பட்டியலைத் தயாரிப்பது ஆய்வகம் இல்லை, ஃபேக்டரி கிளினிக். அவர்களுக்கு ரத்தத்தின் முடிவு மட்டும் போகும். தூக்கிப் போட்ட எண்கள் ஆய்வுக்கு இல்லை, ஊசிக்கு மட்டும் இருந்தன. அம்மாவுக்கு இதுவரை ஆறு ஊசி போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடும். ஏழாவது வருகிற வியாழக்கிழமை.

*

“கேம்ப்ல உனக்குப் பதிலா யாருமா ரத்தம் குடுத்தாங்க?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. பதில் சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்து அதே கீரையை ஆய்ந்துகொண்டிருந்த எஸ்தர்.

“நான்தான். அதுக்கு இன்னா இப்போ?”

“மூணு வருசமுமா?”

“மூணு வருசமும்தான். உங்கம்மாவுக்கு ரத்தம் எட்டுதான் கீது. பத்துக்குக் கீழ இருந்தா மூணு மாசம் ரெஸ்ட்டுன்னு ஊட்டுக்கு அனுப்பிடுவானுங்க, சம்பளம் இல்லாம. எனக்குப் பதிமூணு புள்ளி ரெண்டு. ஒரு கையில என்து, இன்னொரு கையில அவ டோக்கனு. மாஸ்க்கப் போட்டுக்கினு டோக்கன நீட்டுனா கையத்தான் பாப்பாங்க. மூஞ்சிய எவன் பாக்கறான்? எல்லா செக்‌ஷன்லயும் இப்பிடித்தான். நல்ல ரத்தம் கீறவ ரெண்டு வாட்டி ஒக்காருவா.”

இருநூற்றுப் பன்னிரண்டு. குழாய் எதுவும் மாறவில்லை. ஆய்வகம் இரைச்சல் என்று நினைத்தது, ஒருத்திக்காக இன்னொருத்தி கை நீட்டியதைத்தான்.

அறிவு சுற்றி வளைக்கத் தெரியாதவள். நேராகச் சொன்னாள். “கேன்சர் பக்கம் தாழ்ந்திருந்தது உன் ரத்தம்கா. உனக்கு ஊசி சரிதான். அம்மாவுக்குப் போட்டது உனக்கான ஊசி. எச்சில வெச்சுப் பாத்தேன். அம்மாவோடது முதல்லயே மறதிப் பக்கம் லேசா சாஞ்சிருந்த தராசு. அதுலதான் ஆறு ஊசிய ஏத்தியிருக்காங்க.”

எஸ்தர் கையிலிருந்த கீரைத் தண்டு அப்படியே நின்றது. “என் ரத்தத்தாலயா?”

“வாய மூடு” என்றாள் அம்மா. “அந்த மூணு மாசம் என்ன ஊட்ல ஒக்கார வெச்சிருந்தா இவ கடைசி வருசப் பரீட்சையே எழுதியிருக்க மாட்டா. இப்போ வந்து எச்சி, ரத்தம்னு பாடம் எடுக்கறா.”

“தேசம்மா, எங்கனா கேட்டா எம் பேரச் சொல்லிடு.”

“சொன்னா உன்ன நிறுத்திடுவான்.”

“எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் சர்வீசு. போனா போவுது.”

“உனக்கும் ஊசி நிறுத்திடுவான்” என்றாள் அம்மா. “வேல செய்றவங்களுக்குத்தான ஊசி? உனக்குக் கேன்சர் வர்ட்டும்னு நான் பேர் குடுக்கணுமா?”

அம்மா எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தாள். அடுத்த பர்னரில் அரைமணி நேரத்துக்கு முன் வடித்த சோறு மூடி இருந்தது.

*

டாக்டர் மைதிலி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எட்டாம் பக்கத்தை மீறியிருக்கே.”

“ஆமாம் மேடம்.”

“அதைப் பிறகு பாக்கலாம். மாறின எண்ணைத் தூக்கினதுல தப்பில்ல அறிவு. நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்.”

“நம்ம அறிக்கையில என்ன போட்டோம் மேடம்? ஊசி போட்டவங்கள்ல மறதி கூடினது நூத்துக்கு ஒருத்தர் கூட இல்லைன்னு. யாருக்குத் தப்பான ஊசி போச்சோ அவங்களைப் பூரா வெளிய தள்ளிட்டு, மிச்சம் இருக்கறவங்களை எண்ணியிருக்கோம். மருந்து சுத்தமாத் தெரியுது. ஏன்னா நான் சுத்தம் பண்ணிட்டேன்.”

“அவங்க ஆள் மாத்தி ரத்தம் குடுத்தா நாம என்ன பண்ண முடியும்? பொய் சொன்னது அவங்கதானே?”

“ரத்தம் கம்மியா இருக்கறவளுக்கு இரும்புச் சத்து மாத்திரை குடுக்காம, சம்பளத்தை நிறுத்தற இடத்துல எவ மேடம் உண்மை சொல்லுவா? உங்க அஞ்சு அடுக்குல எந்த அடுக்குல அது தெரியும்?”

கோபப்பட்டுவிட்டோம் என்று அறிவுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

“வியாழக்கிழமை ஊசியை நிறுத்துங்க.”

“எப்படி நிறுத்தறது? கோப்புல இல்லாத ஆளுக்கு நான் எதையும் எழுத முடியாது. தூக்கின எண் திரும்ப உள்ள வர ரெண்டே வழிதான். ரத்தம் யாருடையதுன்னு பேரோட தெரியணும். இல்லன்னா மருந்தால கெடுதல் நடந்திருக்குன்னு டாக்டர் நேர்ல பாத்துப் பதிவு பண்ணணும். அப்படி ஒரு பதிவு வந்தா, அந்தக் கோப்புறை முழுசையும் திறந்தே ஆகணும். அதுவரைக்கும் அதுல இருக்கற அத்தனை பேருக்கும் ஊசி நிக்கும்.”

“அப்போ பதிவு பண்ணுங்க.”

“மகள் சொன்னாங்கன்னு பதிவு பண்ண முடியாதும்மா. விசாரணை வைக்கிறேன். உங்கம்மா பேரைச் சொல்லட்டும். அதுதான் சுலபம்.”

*

விசாரணை புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு, ஃபேக்டரி ஆபீஸ் மாடியில். பர்சனல் மேனேஜர் குணாளன் முன்கூட்டியே ஏ.சி.யைப் போட்டு வைத்திருந்தார். டாக்டர் ஒரு பக்கம் படிவத்தோடு உட்கார்ந்தார். அறிவு சுவரோரம் நின்றாள். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பசை காய்ந்து விரல் நுனிகள் மஞ்சளாகப் பளபளத்தன.

“மூணு கேம்ப்லயும் உங்க டோக்கனுக்கு ரத்தம் குடுத்தது யாரு?” என்றார் குணாளன்.

“ஞாபகம் இல்லீங்க.”

“எந்த செக்‌ஷன்?”

“ஞாபகம் இல்லீங்க.”

“ஆம்பளையா பொம்பளையா?”

“யார்னா ஒரு பொம்பளையாத்தான் இருக்கும். ஆம்பளைங்க எங்க மத்தவங்களுக்கு ரத்தம் குடுத்தாங்க?”

டாக்டர் குனிந்து எதையோ எழுதுவது போலப் பாவனை செய்தார்.

“அம்மா, சொல்லிடு” என்றாள் அறிவு. சொல்லும்போதே எஸ்தரின் முகம் ஞாபகம் வந்தது. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“ஞாபகம் இருந்தா சொல்ல மாட்டேனா?” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

குணாளன் நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பினார். “பச்சைப் பொய் மேடம். இருபத்திரண்டு வருஷமா இவங்களைப் பாக்கறேன். ஒரு நாள் ஓ.டி. விட்டுப் போனாக்கூடத் தேதியோட வந்து கேப்பாங்க. இவங்களுக்கா மறதி?”

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவர் சத்தம் உயரவே இல்லை. “இந்தப் படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு சார், மறைக்கிறாங்க, இல்லன்னா மறந்துட்டாங்க. மறைக்கிறாங்கன்னு எழுதணும்னா ஆதாரம் வேணும். இருக்கா?”

“கொண்டு வர்றேன். ஒவ்வொரு செக்‌ஷனாக் கூப்பிட்டு விசாரிச்சா வந்துடும்.”

“விசாரிங்க. இருநூத்திப் பன்னெண்டு பேருக்குப் பதிலா உக்காந்த இன்னொரு இருநூத்திப் பன்னெண்டு பேரு. அத்தனை பேரையும் நிறுத்திட்டா லைன்ல மிச்சம் யாரு இருப்பாங்க?”

ஏற்றுமதிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு கீழே வராண்டா வரை அடுக்கியிருந்தது. குணாளன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்.

“அப்போ நான் பரிசோதிச்சுப் பாத்துடறேன்” என்றார் டாக்டர். “தேசம்மா, மூணு வார்த்தை சொல்றேன். சாவி, வாழைப்பழம், குடை. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பேன். சொல்லணும். சரியா?”

“சரிங்க.”

ஐந்து நிமிஷம் ஏ.சி. சத்தத்தில் போனது. நடுவில் டாக்டர் கிழமை கேட்டார், மாசம் கேட்டார். அம்மா கிழமையைச் சரியாகச் சொன்னாள். மாசத்துக்கு ஆடி என்றாள். பிறகு டாக்டர் அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார்.

“மூணு வார்த்த சொன்னீங்களா?” என்றாள் அம்மா, பணிவாக.

அறிவு சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தாள். அம்மா ஜெயித்துவிட்டாள். பேர் சொல்லாமல், ஒருத்தியையும் காட்டிக்கொடுக்காமல், அவர்களுடைய படிவத்தையே எடுத்து அவர்கள் கையில் திணித்துவிட்டாள். படிக்காதவள் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் நிதானமாக எழுதினார். எண் 1147. ஊசி ஆறு. பாதக விளைவு: நினைவிழப்பு. கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கும் கீழே நேரம் போட்டார். குணாளன் எழுந்து போய்விட்டார்.

“நாளைக்கு ஊசி கிடையாது. அந்த இருநூத்திப் பன்னெண்டு பேர்ல யாருக்கும்” என்றார் டாக்டர். கதவு வரை வந்தவர், எதையோ சொல்ல வாயெடுத்து, அறிவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

*

டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அம்மா உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். மூன்று ஸ்டாப் தாண்டியபின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியமாகப் பேச ஆரம்பித்தாள்.

“எஸ்தருக்குப் பதிமூணு புள்ளி ரெண்டு. அவ எனக்கு ஒக்காந்தா. ஸ்டிச்சிங்ல கீற பரிமளாவுக்குப் பன்னெண்டர, அவ தாட்சாயணிக்கு. லாஸ்டிங்ல சபியா, அவ பெரிய நாத்தனாருக்கு. ஃபினிஷிங்ல ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு ஒக்காந்து மயக்கம் போட்டாளே, அவ பேரு குளோரி. சோடா வாங்கிக் குடுத்தது நான்தான்.”

“எல்லாத்தையும் வெச்சிக்கினுதான் ஞாபகம் இல்ல, ஞாபகம் இல்லன்னியா?” அறிவு வாய்விட்டுச் சிரித்தாள். பல நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

“அத்தயெல்லாம் எப்பிடி மறக்க முடியும்?”

“அந்த மூணு வார்த்த கேட்டப்போதான் சூப்பர். சாவி, குடைன்னு ஒண்ணு கூட வாய் தவறி வரலயே.”

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“எந்த மூணு வார்த்த?”

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, எப்போதும் போல. அறிவு அம்மாவின் முகத்தில் நடிப்பின் ஏதாவது ஒரு ஓரத்தைத் தேடினாள். அந்த முகம் மரியாதையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தியைப் பார்க்கிற மரியாதை.

“நீ எந்த செக்‌ஷன்மா? உன்ன லைன்ல பாத்ததில்லயே.”

“க்யூ.சி.” என்றாள்.

அம்மா சாப்பாட்டுப் பையை மடியில் சற்று இழுத்துக்கொண்டாள். “க்யூ.சி. ஆளுங்களாண்ட நாங்க ஜாஸ்தி பேசறதில்ல. தப்பா எடுத்துக்காத. ஒட்டறவ கஷ்டம் தெரியாம டக்குனு கழிச்சிப் போட்டுடுவீங்க.”

“ஆமாங்க” என்றாள் அறிவு. “போட்டுடறோம்.”

கொஞ்ச தூரம் போனது. அம்மாவுக்கு என்னவோ உறைத்திருக்க வேண்டும். சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மஞ்சள் படிந்த விரல்கள் நன்றாகவே அழுத்தின.

“நான் இப்போ சொன்னேனே, அந்தப் பேருங்கள யாராண்டயும் சொல்லிடாதம்மா. புள்ள குட்டிக்காரிங்க.”

“எந்தப் பேருங்க?” என்றாள் அறிவு. “எனக்கு ஞாபகம் இல்லீங்களே.”

அம்மா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பிடியைத் தளர்த்திவிட்டு, திருப்தியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.